மாணவர் நலப் பணிக்கென்று படித்தவரை நியமியுங்கள்: உயர்கல்விப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய இருப்பறையைக் காலி செய்தார்கள். உடைந்த ப்யூரெட்டுகளும் பழைய பதிவேடுகளும் வெளியேறின. கதவின் மேல் ‘மாணவர் சேவை மையம்’ என்ற பலகை ஏறியது. அன்று மாலையே, இடக்குறியீடு தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுக்கப்பட்டது. அதன் பொறுப்பாளராக என் பெயர் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டிருப்பதை மறுநாள் சுற்றறிக்கையில் படித்துத்தான் அறிந்தேன். பதினான்கு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருக்கிறேன். இரண்டாவது பணிக்கென்று இதுவரை ஒரே ஒரு நாள் இணையவழிப் பயிற்சி எனக்குக் கிடைத்திருக்கிறது.

இம்மையங்கள் ஏன் வந்தன என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிதோறும் மாணவர் சேவை மையம் அமைக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தங்கள் மேசையில் இருப்பவைதாம். நான் எழுதுவது அந்த ஆணைகளின் நோக்கத்தை மறுத்தன்று. அவை கல்லூரிக்குள் நுழைந்து, படியிறங்கி, கடைசியில் ஒரு வேதியியல் ஆசிரியரின் பெயருக்கு நேரே டிக் அடிக்கப்படும் வேலையாக முடிந்துபோவதைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: இப்பணிக்கென்று படித்த ஒருவரை, இப்பணிக்கென்றே, முழுநேரமாக நியமியுங்கள். அப்படிப் படித்தவர்கள் இங்கே இல்லையென்றால், அந்தப் படிப்பை நம் பல்கலைக்கழகங்களில் தொடங்குங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதைத் தங்களிடம் கேட்க எனக்கு வாய் வராது.

அன்று அகமதிப்பீட்டு மதிப்பெண்களை இணையத்தில் ஏற்றுவதற்குக் கடைசி நாள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தளம் மூடிக்கொள்ளும். பத்தரை மணியளவில் விடுதியில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். “மேடம், டி.சி. வாங்கணும்னா யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்?” என்று கேட்டாள். “காலையில ஆபீஸ்ல கேளும்மா” என்று சொல்லிவிட்டுத் திரையை நோக்கித் திரும்பினேன். அவள் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னேன். அவள் அதைக் கேட்பதற்காக வரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. விடிந்து பார்த்தபோது அவள் கட்டிலில் பாயும் போர்வையும் இல்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். தாயார் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டதால் மூன்று வாரம் வீட்டில் இருந்து தம்பியையும் அவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருகைப் பதிவு 62 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. 65-க்கும் கீழே போய்விட்டதால், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான காண்டனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுதவும் வழியில்லை. கல்வி உதவித்தொகை வரவில்லை, அதனால் மெஸ் பாக்கி ஏறியிருக்கிறது. வகுப்புப் பொறுப்பாசிரியர் வருகையைப் பற்றிச் சொன்னார், கட்டணப் பிரிவு பாக்கியைப் பற்றிச் சொன்னது, உதவித்தொகைப் பிரிவு வங்கிக்குப் போகச் சொன்னது, வங்கி கல்லூரியில் கேட்கச் சொன்னது. நான்கு இடங்களிலும் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கடிந்துகொள்ளவுமில்லை. ஆளுக்கொரு காகிதத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான்கு காகிதங்களையும் ஒரே மேசையில் பரப்பி, எதிரில் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் படிக்க வேண்டியது இன்னார் என்று எங்கள் கல்லூரியில் எவருக்கும் பணி விதிக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வங்கி ஊழியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வேறு கணக்கு ஏதாவது இருக்கிறதா?” இருந்தது. முந்தைய விடுமுறையில், தாயாரின் சுயஉதவிக் குழு வழியாக வேறொரு வங்கியில் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார்கள். ஆதார் வழியே வரும் பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய்ச் சேர்கிறது. உதவித்தொகை வராமல் இல்லை. அவள் என் கதவைத் தட்டிய அன்றும் அது அந்தக் கணக்கில் கிடந்திருக்கிறது. மெஸ் பாக்கியைக் கட்டிவிட்டு மீதியும் கையில் நிற்கும் தொகை அது.

அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காஷன் டெபாசிட் எப்ப மேடம் குடுப்பாங்க?” என்று, சேரும்போது கட்டிய முன்வைப்புத் தொகையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

இந்தக் குற்றத்தில் என் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்றிரவு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை எனக்கு எவரும் கற்பித்ததில்லை என்பதையும் தங்களிடம் சொல்லியாக வேண்டும். ‘டி.சி. எப்படி வாங்குவது’ என்று ஒரு பிள்ளை இரவு பத்தரை மணிக்குக் கேட்டால் அது விசாரணையன்று, அபயக்குரல் என்பதை அறிய ஒரு கல்வி இருக்கிறது. அது இருக்கிறது என்பதே எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

என்னிடம் இளநிலை வேதியியல் படித்த மாணவி ஒருவர் இப்போது அமெரிக்காவில், கல்லூரி மாணவர் நலப் பணிக்கென்றே நடத்தப்படும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் இருக்கிறார். தம் படிப்பைப் பற்றி அவர் மாதந்தோறும் எனக்கு எழுதும் செய்திகளை ஒரு கோப்பாகவே வைத்திருக்கிறேன். காலையில் வகுப்பு, அதோடு வாரம் இருபது மணி நேரம் மாணவர் விடுதி அலுவலகத்தில் உதவியாளர் பணி, அதற்கு ஈடாகக் கல்விக் கட்டண விலக்கும் ஊக்கத்தொகையும். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வருபவரின் மனம் எப்படி மாறுகிறது என்பதை ஆர்தர் சிக்கரிங் 1969-இல் வகுத்த கோட்பாட்டிலிருந்து தொடங்கிப் படிக்கிறார்கள். உயர்கல்விச் சட்டம், நிதி நிர்வாகம், செவிமடுக்கும் திறன் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். இரவுப் பணித் தொலைபேசியை முறைவைத்து ஏந்துகிறார்கள். அழைப்பு வந்தால் முதலில் என்ன கேட்பது, யாரை எழுப்புவது என்பது எழுத்தில் இருக்கிறது.

அவர் எழுதியவற்றுள் ஒன்றைப் படித்துவிட்டு அன்றிரவு நான் உறங்கவில்லை. கல்வியாண்டு தொடங்குமுன் விடுதியில் மூத்த மாணவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்களாம். அறைகளின் கதவுகளைச் சாத்திவிட்டு, உள்ளே பணியாளர்கள் மாணவர்களைப்போல நடிக்கிறார்கள். ஓர் அறையில் அழுகை, இன்னொன்றில் அறைத்தோழியோடு சண்டை, மற்றொன்றில் ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லும் ஒருவர். பயிற்சி பெறுபவர் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பேச வேண்டும். தவறினால் திருத்தி மறுபடியும் தட்டச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இரண்டாம் முறை வாய்க்கவில்லை.

நான்சி ஸ்க்லாஸ்பெர்க் என்னும் அறிஞர் 1989-இல் எழுதிய கருத்து ஒன்றையும் அவர் விளக்கியிருந்தார். புதிய இடத்துக்கு வரும் ஒருவர், தாம் அங்கே யாருக்காவது ஒரு பொருட்டாக இருக்கிறோமா என்பதைத்தான் முதலில் தேடுகிறார் என்பது அதன் சாரம். எங்கள் பிள்ளை நான்கு மேசைகளில் தேடியதும் அதைத்தான்.

அங்கே எல்லாம் செழிப்பாக நடக்கிறது என்று நான் நம்பிவிடவில்லை. சம்பளம் குறைவு, இரவுப் பணியின் களைப்பு, சில ஆண்டுகளில் துறையைவிட்டே விலகுவோர் என்று குறைகளையும் அவர் எழுதுகிறார். டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், சிறுபான்மை மாணவர்களுக்குத் துணைநின்ற அலுவலகங்களே பொதுப் பல்கலைக்கழகங்களில் மூடப்பட்டதையும் வருத்தத்தோடு குறிப்பிட்டார். ஆயினும், மாணவரை மதிப்பெண்ணாக மட்டும் பார்க்காமல் முழு மனிதராகப் பார்ப்பது கல்லூரியின் கடமை என்று அமெரிக்கக் கல்விக் கழகம் 1937-இலேயே ஓர் அறிக்கையில் எழுதி வைத்தது. அதைத் தொழிலாகவும் படிப்பாகவும் அங்கே வளர்த்திருக்கிறார்கள். நாமோ இன்னும் அதைக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது நம்மால் ஆகாத காரியமன்று. பகடிவதைக்கு எதிராக மானியக் குழு விதிமுறை வகுத்தது 2009-இல்; தமிழ்நாடு 1997-இலேயே சட்டம் செய்துவிட்டது. சென்னையில் சமூகப்பணிக் கல்வி 1952 முதல் நடந்துவருகிறது. உளவியல் துறைகளும் கல்வியியல் துறைகளும் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. இவற்றை ஒருங்கிணைத்து இரண்டாண்டு முதுகலைப் படிப்பு ஒன்றை வகுக்க ஒரு பாடத்திட்டக் குழுவும் ஓர் ஆணையும் போதும். 2021-22 கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும், 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் வறிய வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கைபிடித்து அழைத்து வந்திருக்கின்றன. இதற்காக இந்த மாநிலத்தைப் பற்றி நான் பெருமைப்படுகிறேன். அந்தப் பெருமையால்தான் கேட்கிறேன்: வாசலுக்கு உள்ளே அந்தக் கையைப் பிடிப்பவர் யார்?

கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் ‘நாக்’ என்னும் தேசியக் குழுவின் தரமதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோலே மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்தான். அதற்காக நாங்கள் நிரப்பிய படிவங்களையும், ஒட்டிய புகைப்படங்களையும், எழுதிய அறிக்கைகளையும் அடுக்கினால் அந்த இருப்பறை நிறைந்துவிடும். அவற்றைத் தயாரித்த இரவுகளில் விடுதிக் கதவுகளை ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாமே என்று நினைக்கும்போது எனக்குச் சினம் வருகிறது. குறைதீர் குழு, சமத்துவக் குழு, பகடிவதை ஒழிப்புக் குழு என எல்லாக் குழுக்களிலும் அதே ஏழெட்டு ஆசிரியர்கள்தாம் இருக்கிறோம். வாரம் பதினாறு மணி நேரப் பாடவேளையும், தேர்வுப் பணியும், விடைத்தாள் திருத்தமும் போக மிஞ்சும் நேரத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். என் மாணவி உயிரோடு இருக்கிறாள் என்பதையே நான் நற்பேறாகக் கருத வேண்டியிருக்கும் நிலையில் இந்தத் துறை இருக்கலாமா?

கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றிலாவது, வரும் கல்வியாண்டில் மாணவர் நலப் பணிக்கான முதுகலைப் படிப்பைத் தொடங்குங்கள். அதில் பாதி நேரமாவது கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் நேரடிப் பயிற்சியாக இருக்கட்டும். உதவித்தொகை எந்தெந்த வழியாக வருகிறது, எங்கே தடைப்படும் என்பதையும் சாதி எப்படி விடுதிச் சாப்பாட்டு மேசைவரை வந்து உட்காருகிறது என்பதையும் அது கற்பிக்கட்டும். இவை அமெரிக்கப் பாடநூலில் கிடைக்காது. நாம்தான் எழுத வேண்டும். அதில் தேறியவர்களுக்கென ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் ஒரு முழுநேரப் பணியிடத்தை உருவாக்குங்கள். அதுவரை, இப்பொறுப்பைச் சுமக்கும் ஆசிரியர்களின் பாடவேளையையேனும் குறைத்து, ஒரு நாளுக்குப் பதிலாக ஒரு மாதப் பயிற்சியாவது கொடுங்கள். மனநல ஆலோசகரை நியமிப்பதோடு இது முடிந்துவிடாது. என் மாணவிக்கு அன்று மனநோய் எதுவும் இல்லை, நான்கு காகிதங்களும் ஒரு வங்கிக் கணக்கும்தான் இருந்தன. மீண்டும் கேட்கிறேன்: இப்பணிக்கென்று படித்த ஒருவரை, இப்பணிக்கென்றே நியமியுங்கள்.

நானும் என் முன்னாள் மாணவியும் விடுமுறை நாள்களில் தொலைபேசியில் பேசிப்பேசி நான்கு பருவங்களுக்கான பாடத்திட்ட வரைவு ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறோம். குழு அமைக்கப்பட்டால் அனுப்பிவைக்கிறேன். அழைத்தால் என் சொந்தச் செலவில் வந்து விளக்குகிறேன். பருவத் தேர்வுகள் தொடங்குமுன் ஒரு பதில் கிடைத்தால் நன்றியுடையவளாவேன். இந்தப் பருவத்திலும் வருகை குறைந்தோர் பட்டியல் அப்போதுதான் ஒட்டப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் உதவிப் பேராசிரியர்,
மகளிர் விடுதித் துணைக் காப்பாளர்,
மாணவர் சேவை மையப் பொறுப்பாளர்