பஞ்சர் கடை அண்ணனுக்கும், உங்கள் எல்லோருக்கும்

நேற்று விடியற்காலை சேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, நாமக்கல் வந்து சேர்ந்தேன். பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் வெந்த மூக்குத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடிந்து, பேட்ஜோடு வீடு வந்துவிட்டேன். தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. போகவே முடியாது என்று பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கியவள் நான். என்னை மறுபடி பையைக் கட்ட வைத்தவர்கள் நீங்கள்.

அம்மாவின் மகளிர் குழு அக்காக்கள், இரண்டாவது முறையும் பொறுமையாகப் பரிசோதித்து மருத்துவச் சான்றிதழ் எழுதிய டாக்டர், ஸ்லீப்பிங் பேக் கொடுத்த என்.சி.சி. சீனியர் அண்ணன், ஸ்வெட்டர் கொடுத்த எதிர்வீட்டு அத்தை, கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகளில் மணல் மூட்டையோடு நான் ஏறி இறங்கியபோது கூடவே வந்த தோழிகள். யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மொய் நோட்டு மாதிரி அம்மா எழுதி வைத்திருக்கிறார். ஒன்றும் மறக்காது.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

ரயிலுக்கு முந்தின இரவு, இரவல் வாங்கிய ஷூவைப் போட்டுப் பார்த்தேன். பல வருடம் பெட்டியில் கிடந்த ஷூ. நாலு அடி வைப்பதற்குள் சோல் வாயைப் பிளந்துவிட்டது. மணி ஒன்பதரை. செருப்புக் கடை, தைக்கிறவர் எல்லோரும் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். பைபாஸில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. அழுதுகொண்டே போய் நின்றேன்.

அந்த அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் ரப்பர்தானே பாப்பா" என்றார். பழைய பசையை அரத்தால் சுரண்டி, இரண்டு பக்கமும் சொரசொரவென்று ஆக்கினார். சொல்யூஷன் தடவிவிட்டு உடனே ஒட்டவில்லை. "காயணும். விரலை வெச்சா பிடிக்கணும், ஆனா ஈரம் ஒட்டக் கூடாது. அவசரப்பட்டா மலையில கழண்டுக்கும்." ஒட்டியதும் ஷூவுக்குள் மரக்கட்டையைத் திணித்து, லாரிக்கு அடியில் ஜாக்கியோடு சேர்த்து அழுத்தி வைத்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போனபோது துடைத்துத் தயாராக வைத்திருந்தார். காசு வாங்கவில்லை. ஒரு சின்ன சொல்யூஷன் ட்யூபையும் உப்புத்தாள் துண்டையும் கையில் கொடுத்து, "வழியில கைகொடுக்கும். நெருப்புக்கிட்ட மட்டும் வெச்சுறாத" என்றார்.

பனியில் நடக்க அங்கேயே பூட்ஸ் கொடுப்பார்கள். ஆனால் பாறை ஏறப் பழகும் தேக்லாவுக்குப் போய்வரவும், புக்கி கிராமத்திலிருந்து தேல், குஜ்ஜர் ஹட் என்ற வழி முகாம்களைத் தாண்டி பேஸ் கேம்ப் ஏறவும் எனக்கு இந்த ஷூதான். ஒரு நூல் கூடப் பிரியவில்லை அண்ணா.

தேலில் என் ரோப்பில் (பயிற்சியில் எங்களைப் பிரித்த சிறு குழுவுக்கு அங்கே அதுதான் பெயர்) இருந்த மணிப்பூர்ப் பெண்ணின் ஷூ பிளந்தது. அன்று நான்தான் ரோப் லீடர். எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ட்யூபை எடுத்தேன். குளிரில் சொல்யூஷன் காயவே மாட்டேன் என்றது. அடுப்புப் பக்கம் கொண்டுபோகலாம் என்றார்கள், நான் விடவில்லை. விரலில் பிடிக்கும் வரை காத்திருந்து ஒட்டி, மேலே பெரிய கல்லைத் தூக்கி வைத்தோம். காலையில் அவள் அதைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தலைமை பற்றி அங்கே எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த இரவு முழுக்க உங்கள் குரல்தான் கேட்டது: காயணும் பாப்பா.

அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் திரௌபதி கா தண்டா சிகரத்துப் பனிச்சரிவில் அதே நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு சிக்கிய செய்தியை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். பேஸ் கேம்ப்பிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தபோது, திரும்பி வராதவர்களின் அம்மாக்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது ஞாயிறுதோறும் ஆகாய கங்கைப் படிகளுக்குப் போகப் போகிறேன். நம் ஊர் அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகள் யார் வந்தாலும் அழைத்துப் போவேன். நல்ல ஷூ இல்லையே என்று யாரும் நிற்க வேண்டாம். எனக்கு ஒட்டத் தெரியும்.

அண்ணா, நாளைக் காலை கடைக்கு வருகிறேன். ஷூவை இன்னும் கழுவவில்லை. அந்த மலை மண்ணோடேயே நீங்கள் பார்க்க வேண்டும்.