வீட்டில் வேறு நாய்கள் உண்டா என்று கேளுங்கள்: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஒரே வீட்டில் நாலைந்து நாய்களை வளர்ப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். உங்களிடம் வரும்போது நாங்கள் கூட்டி வருவது ஒரு நாயைத்தான். இருமுகிற நாய், காதில் சீழ் வடிகிற நாய், வயிற்றில் கொப்புளம் போட்ட நாய் என்று ஏதோ ஒன்று. நீங்களும் பொறுமையாகப் பார்த்து, எடை போட்டு, மருந்து எழுதித் தருகிறீர்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாய் வீட்டுக்குள் நுழைந்ததும் சீழ் வடிகிற அதே காதை நக்க இன்னொன்று காத்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்கும், ஒரே விரிப்பில் சுருண்டு படுக்கும். அதனால்தான் "வீட்டில் வேறு நாய்கள் உண்டா?" என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உண்டு என்று நாங்கள் சொன்னால், அந்த வீட்டுக்கான யோசனையும் மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும்.

இருமலையே எடுத்துக்கொள்வோம். நாய்களுக்கு இருமலை உண்டாக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா தொற்றினால் பெரும்பாலும் 2 முதல் 14 நாட்களுக்குள் இருமல் தொடங்குகிறது. இருமல் சத்தம் நம் காதில் விழுவதற்குள் மற்ற நாய்கள் அதோடு மூக்கை உரசி முடித்திருக்கும். இருந்தாலும் குட்டிகளையும் வயதான நாய்களையும் பிரித்து வைப்பதில் பலன் உண்டு. இதில் நாங்கள் சறுக்குவது வேறோர் இடத்தில். இருமல் நின்ற மறுநாளே கதவைத் திறந்து விட்டுவிடுகிறோம். இருமல் நின்ற பிறகும் பல வாரங்கள் அந்த நாயிடமிருந்து கிருமி வெளியேறலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு தேதியாகவே எழுதிக் கொடுங்கள். "கொஞ்ச நாள்" என்றால் ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவோம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். ஒரு நாய் இருமினாலே பதறிப்போய் உங்களிடம் ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்துகிறோம். வீட்டில் இன்னும் நாலு நாய்கள் இருக்கிறதே என்ற பயம்தான் காரணம். சுறுசுறுப்பாக, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல் இருமுகிற நாய்க்குப் பெரும்பாலும் பத்து நாட்களில் தானாகவே சரியாகிவிடும். பல இருமல்கள் வைரஸால் வருபவை, அவற்றில் அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை. நாங்கள் எவ்வளவு கேட்டாலும் தேவையில்லாவிட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்த கையோடு, எதைக் கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: சாப்பாட்டைத் தொடாமல் ஒதுங்குவது, காய்ச்சல், தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது. இதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனால் மருந்தில்லாமல் காத்திருக்க எங்களாலும் முடியும்.

தோல் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு நாய்க்கு வயிற்றில் வட்டம் வட்டமாகச் செதில் உரிகிறது. இரண்டு வாரத்தில் இன்னொன்றுக்கும் அப்படியே. ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறோம். ஆனால் சீழ்க் கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா ஆரோக்கியமான நாயின் தோலிலும் மூக்கிலும் வாயிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. அரிப்பு, ஒவ்வாமை, தெள்ளுப்பூச்சி என்று ஏதாவது ஒன்று தோலைக் கெடுத்தால்தான் அது தலைதூக்கும். இரண்டு நாய்களுக்கும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் தேட வேண்டியது தெள்ளுப்பூச்சியை. அப்போது ஒரு நாய்க்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதாது, எல்லா நாய்களுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டாக வேண்டும். இதை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குப் புரியும்.

மேலோட்டமான கொப்புளங்களுக்கு முதலில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவே போதும் என்று நீங்கள் சொல்வது நல்ல விஷயம். அப்புறம், நுரையை 10 நிமிடம் அப்படியே விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈர நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டு நிமிடமே யுகமாகத் தெரியும், கழுவி விட்டுவிடுவார். மருந்து வேலை செய்யவில்லை என்று உங்களிடமே திரும்பியும் வருவார். குணமான பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் கல்ச்சர் டெஸ்ட் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) எடுக்கத் தயங்காதீர்கள். மெதிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகையாக இருந்தால், புண் ஆறிய பிறகும் அந்த நாய் மாதக்கணக்கில் அதைச் சுமக்கலாம். கூட இருக்கும் நாய்களுக்கும் அது பரவலாம். செலவாகும் என்று எங்களுக்காக நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிப்போம்.

இனி, மிச்ச மாத்திரை. பல நாய்கள் உள்ள வீட்டில் மருந்துப் பெட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். பாதி பிரித்த அட்டைகள், பெயர் அழிந்த பாட்டில்கள். மூத்த நாய்க்கு வாங்கியதில் மீதி நான்கு மாத்திரை கிடக்கிறது, குட்டிக்கும் அதே மாதிரி சீழ், சரி, கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருவர் முடிவெடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த மாத்திரை என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்காக இருந்தால் வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கலாம். சல்ஃபா வகையாக இருந்தால் சில நாய்களுக்குக் கண்ணீர் சுரப்பே வற்றிப்போகலாம். எடைக்குப் பொருந்தாத அளவு, முடியாத கோர்ஸ் என்று எல்லாம் சேர்ந்து, கடைசியில் உங்களிடம் வரும்போது கல்ச்சர் முடிவும் கலங்கிப்போயிருக்கும். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பாசத்தில் செய்வது இது. அதனால்தான் எண்ணி, தேவையானதை மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறேன். அட்டையிலேயே நாயின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். "இது இந்த நாய்க்கு மட்டும்தான், மிஞ்சினால் என்னிடம் கொண்டு வாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சடித்த எச்சரிக்கையைப் படிக்காதவர்களும் நீங்கள் நேரில் சொல்வதைக் கேட்பார்கள்.

நாய்களுக்குள் சண்டை வந்தால் மேலே இரண்டு சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே கோரைப்பல் சதையைக் கிழித்து, முடியையும் எச்சிலையும் தள்ளிவிட்டிருக்கும். சில நாட்களில் சீழ் கட்டும். சின்னக் காயம்தானே என்று நாங்கள் விட்டுவிடுவதற்குள் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

எலிக் காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸில்தான் "வேறு நாய்கள் உண்டா?" என்ற கேள்வியின் முழு எடையும் இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த ஒரே தேங்கிய தண்ணீரை எல்லா நாய்களும் மோந்திருக்கும். ஒன்றுதான் வாடிப் படுக்கும், மற்றவை வெளியே தெரியாமல் சிறுநீரில் கிருமியைக் கழிக்கலாம். ஒரு நாய்க்கு உறுதியானால், கூட இருப்பவற்றுக்கும் 14 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்வது உங்கள் துறையின் வழிகாட்டுதலே. அது மனிதருக்கும் தொற்றும் என்பதால், கையுறை இல்லாமல் சிறுநீரைத் துடைக்காதீர்கள், பிரஷர் பைப்பால் பீச்சியடிக்காதீர்கள் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அழுக்குப் போன பிறகுதான் பிளீச்சிங் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வீரியம் போய்விடும், சிறுநீரின் மேல் நேரடியாக ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். தினசரி வேலையில் முதலில் குட்டிகள், அப்புறம் நலமாக உள்ளவை, கடைசியில் நோயாளி என்ற வரிசையையும் சொல்லுங்கள். காசு செலவில்லாத வழி அது.

உங்கள் வாசலில் எப்போதும் கூட்டம்தான், தெரியும். அதனால் பாதி வேலையை நாங்களே செய்துகொண்டு வருகிறோம். இனி ஒரு நாயோடு வரும்போது, வீட்டில் உள்ள மற்ற நாய்களின் வயது, எடை, கடைசித் தடுப்பூசித் தேதி, இப்போது ஓடுகிற மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வருவோம். அதை வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
பல நாய்களோடு வாழும் ஒருவர்