புது வீட்டுப் பட்டியல்: மகளுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

வீடு கட்டும் கம்பெனி கூடுதல் காசுக்குச் செய்து தருகிற அப்கிரேட் வேலைகளின் பட்டியலை நீ அனுப்பினாயே, அதை அச்செடுத்து, அப்பாவும் நானும் நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தோம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் உனக்கென்று ஒரு வீடு எழும்புவதை நினைத்தாலே மனசு நிறைகிறது. ஆனால் நீ குறி போட்டதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்: குவார்ட்ஸ் மேடை, பெரிய தரை ஓடு, அலங்கார விளக்கு. கூடுதல் பிளக்குக்கும் வெளிக்குழாய்க்கும் குறியே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் முன்பு ஒரே ஒரு பிளக். நீ அப்போது கைக்குழந்தை. ஃபிரிட்ஜுக்கு நடையிலிருந்து வயர் இழுத்துவிட்டு, அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். பிறகு சுவரைக் குடைந்து வயர் போட்டபோது செங்கல் தூள் அரிசி டின்னுக்குள்ளும் மசாலா டப்பாவுக்குள்ளும் இறங்கி, ஒரு வாரம் சோறு வாயில் நறநறத்தது. பூசி அடைத்த கோடு பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் மேடாக இருக்கிறது, ஃபிரிட்ஜை நகர்த்தினால் விரலுக்குத் தட்டுப்படும்.

தரை ஓடுகளையும் விளக்கையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் கண்ணு. சுவருக்குள் போகிற வயர் பைப்பையும் தரைக்கு அடியில் போகிற குழாயையும் பூச்சு வேலைக்கு முன்னால் கேட்டு வாங்கிவிடு. சமையல் மேடைமேல் நாலு பிளக்காவது வேண்டும். முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்திய லோட் ஷெட்டிங் காலம் உனக்கு மறந்திருக்காது. பேட்டரியும் சோலாரும் இப்போதே வாங்க வேண்டாம், கூரையிலிருந்து வீட்டு மின்சாரம் பிரிகிற டிபி போர்டு வரைக்கும், பின்னால் வயர் விட வெறும் பைப் போட்டு வைத்தால் போதும். தண்ணீர் சேர்த்து வைக்கிற ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டிக்கும் அப்படியே, ஒரு சிமென்ட் மேடையும் குழாய் இணைப்பும் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் வாளியோடு நின்றதைப் பார்த்தோமே.

பின்பக்கம் ஒரு குழாயும் சாக்கடை வாயும் கட்டாயம் கேள். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சினால் அந்தப் பெரிய பானையை எங்கே கழுவுவாய்? குளியலறைத் தொட்டியிலா? சாமி வைக்கிற மூலையையும் இப்போதே சொல்லி வை.

வெந்நீர் போடும் கெய்சருக்குக் கம்பெனிக்காரர்கள் கூடுதல் பணம் கேட்டிருக்கிறார்கள். பணம் கட்டுமுன் விசாரி. 2011லிருந்து தென்னாப்பிரிக்காவில் புது வீட்டு வெந்நீரில் பாதியையாவது வெறும் மின்சாரச் சூட்டில்லாமல், சோலார், காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்ப் மாதிரி வேறு வழியில் சூடாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதிப்படி அவர்களே வைக்க வேண்டியதை உன்னிடம் அப்கிரேட் என்று விற்கக் கூடாது. விலையெல்லாம் 15 சதவீத வாட் வரி சேர்த்தா என்றும் கேள்.

குவார்ட்ஸ் ஆசையைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அது 20,000 ராண்ட். வீட்டுக் கடனான பாண்டில் சேர்த்தால், வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள், 20 வருஷத்தில் கிட்டத்தட்ட 48,000 ஆகிவிடும். அப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு வருஷம் சேர்த்து வைத்துக் கையில் காசு கொடுத்து வாங்கு, அதுவரை சாதாரண மேடையிலும் தோசை மாவு ஆட்டலாம்.

பூச்சு பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வை, பின்னாளில் ஆணி அடிக்கும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும். எல்லாக் குழாயையும் திறந்து பார்க்காமல் வீடு திருப்தி என்று கொடுக்கிற ஹேப்பி லெட்டரில் கையெழுத்துப் போடாதே, எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வீடு கட்டுகிறவர்களைக் கண்காணிக்கும் என்எச்பிஆர்சி அமைப்பின் உத்தரவாதத்தில் சின்னக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகினால் ஒரு வருஷம், கட்டட அமைப்பில் பெரிய பழுதென்றால் 5 வருஷம். குறை எதுவானாலும் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு.

சாவி வாங்கும் நாளைச் சொல். முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறோம். ஆயாவின் காமாட்சி விளக்கைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா