வாய்தாவுக்குப் போன இடத்துல ஒரு கல்லறை

டேய் குமாரு,

முட்டிவலி தேவலையா? வீட்டு கேஸ் என்னாச்சுன்னு கேட்டிருந்த, ஒண்ணும் ஆகல, வக்கீலுக்கு காய்ச்சல், மறுபடி வாய்தா. அந்த வெயில்ல பஸ் ஏற மனசில்லாம ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள்ளயே சுத்திட்டிருந்தேன். அங்க கூரா ஒரு பழைய கல்லறை நிக்குதுல்ல, எலிஹு யேலோட பையன் அதுலதான் இருக்கானாம், சின்ன வயசுலயே போயிட்டான் பாவம். அப்பன்காரன் 1687லேருந்து 1692 வரைக்கும் இங்க கவர்னர், அவன் காலத்துல நம்ம மெட்ராஸ்லேருந்தே அடிமைங்கள கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்காங்கடா.

அத நோண்டப் போய் ஸாங்குங்கற இங்கிலீஷ் அடிமைக் கப்பலோட கேஸ்ல மாட்டிக்கிட்டேன், ரெண்டு நாளா சரியா தூக்கமில்ல. 1781ல நடுக்கடல்ல குடிதண்ணி பத்தலன்னு சொல்லி 130 அடிமைங்களுக்கு மேல கடல்ல தள்ளியிருக்கானுங்க, அதுக்கப்புறம் கப்பல் முதலாளிங்க தலைக்கு 30 பவுண்டுன்னு இன்சூரன்ஸ் கேட்டு கோர்ட்டுக்கே போயிட்டானுங்க! மீதி சரக்க காப்பாத்த கொஞ்சம் சரக்க வீசுனோம், அந்தக் கணக்கு. 1783ல ஜூரியும் பணத்தக் குடுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் மேன்ஸ்பீல்டு ஜட்ஜு முன்னாடி வந்தப்ப, கடைசி ஆளுங்கள தள்றதுக்கு முன்னாடியே மழை பெஞ்சிருக்குன்னு தெரிஞ்சு மறுவிசாரணைன்னாரு. அவரே இத குதிரைய கடல்ல போட்ட கேஸ் மாதிரின்னுதான் பேசியிருக்காரு. மொத்த வாதமும் தண்ணி இருந்துச்சா இல்லையாங்கறதுதான்டா, கொலைன்னு ஒருத்தன் மேலயும் கேஸ் நடக்கல.

நம்ம சுந்தரர் கதை ஞாபகம் வந்துச்சு. கல்யாணப் பந்தல்ல கிழவரு வந்து நீ எனக்கு அடிமைன்னு உன் தாத்தா எழுதிக் குடுத்த ஆள் ஓலை இதுன்னு நீட்டுறாரு, இவரு கிழிச்சிப் போடுறாரு, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல இருக்குன்னு அங்க சபைக்குப் போயி, தாத்தா கையெழுத்த ஒத்துப் பாத்து ஆமா நீ அடிமைதான்னு தீர்ப்பு. சின்ன வயசுல கோயில் கதைல கேட்டு சிரிச்சோமே, தாத்தா எழுதுனா பேரன் எப்படிடா அடிமை ஆவான்னு ஒருத்தனாச்சும் கேட்டோமா? வந்தது சிவன்ங்கறதால விட்டுட்டோம்.

வெள்ளக்காரன் 1843ல இங்க போட்ட சட்டமும் நீங்கல்லாம் விடுதலைன்னு சொல்லல, அடிமைய வெச்சு யாரும் கோர்ட்ல உரிமை கேக்க முடியாது, வரி பாக்கிக்கு ஆள ஏலம் விடக்கூடாது, அவ்ளோதான். அப்ப அதுவரைக்கும் விட்டிருக்கான்!

நம்ம கேஸ் பேப்பர்ல சொத்து விவரம்னு அம்மாவோட பித்தளை அண்டா வரைக்கும் வரிசையா போட்டிருக்கு, நேத்து அத எடுத்தேன், பாதிலயே மூடி வெச்சிட்டேன். அடுத்த வாய்தா பதினஞ்சாம் தேதி, முடிஞ்சா வாடா, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்டலாம்.

உன்
ரவி