மேல்மலைப் புல்வெளியும் கோடை வைகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் தினமும் அணை நீர்மட்டம் வருகிறது. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்பது ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். ஆனால் மழை நின்று இரண்டு மாதம் கழித்தும் மலை ஓடைகளில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்ற கணக்கு எங்கும் வருவதில்லை. அதையும் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

வைகைக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வருகிறது. அதை நிரப்புவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகை வருகிறது. மூன்றாவது, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் தென்சரிவு. அங்கே பிறக்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகை அணைக்குக் கீழேதான் ஆற்றில் கலக்கின்றன. ஆகவே அணை திறக்காமலே சோழவந்தான் பக்கம் வெள்ளம் வர முடியும். கோடையில் இவை வற்றிப்போனாலும் அணை மட்டம் அதைக் காட்டாது.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். இரண்டு பருவமழையும் உண்டு, அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. ஜனவரியில் உறைபனி விழுந்து திறந்த சரிவில் சோலை என்னும் உயர்மலைக் காட்டின் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். அதனால்தான் சோலைக்காடு மலை மடிப்புகளுக்குள் ஒடுங்கியும், மேடெல்லாம் புல்லாகவும் இருக்கிறது. அதைத் தரிசு என்று நினைத்ததுதான் நாம் செய்த பெரிய பிழை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் பத்து லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரைப் புல்லின் வேர் பிடித்த கருமண் உள்ளே விட்டுக்கொள்கிறது. அது கீழே சதுப்பில் கசிந்து ஓடையாகிறது. நல்ல சதுப்பில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தால் மார்ச்சிலும் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டும்.

அந்தப் புல்வெளியில் தைல மரமும், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் நடப்பட்டன. புல் காய்ந்து அடங்கும் மாதங்களிலும் இவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியில் தைல மரம் நட்டுப் பத்து ஆண்டு அளந்ததில், ஓடைக்கு வரும் ஆண்டு நீர் 16 சதவீதம் குறைந்தது. கோடை ஓட்டத்தில் விழுந்த அடி இன்னும் பெரிது.

அதற்காக எல்லா மரத்தையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளச் சொல்வதும் தவறு. பழைய தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே எழும்பியிருக்கின்றன. அங்கே ஒரேயடியாகக் கை வைக்கக் கூடாது. தேவையானால் தோப்பு மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது, மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் ஏறிவரும் இளமரங்களை. விரல் தடிமன் வரை உள்ளதை மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய மரமானால் காய் முற்றி வெடிக்கும் முன் தரையை ஒட்டி அறுக்க வேண்டும், அல்லது இடுப்பளவிலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே காயவிட வேண்டும். வாட்டிலில் ஒரு வகை வேரிலிருந்தே முளைக்கும்; அதை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் ஒன்று பத்தாகும்.

பொக்லைன் இறக்கவே கூடாது. மண் புரண்டால் புதைந்த விதை மேலே வரும், வண்டல் ஓடையில் இறங்கும். வெட்டிய கிளைகளைக் கொளுத்துவது அதைவிட மோசம். வாட்டில் விதையின் ஓடு கெட்டியானது, மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீச்சூட்டில் ஓடு விரிந்து அடுத்த மழைக்கே பாய் விரித்தாற்போல முளைத்துவிடும். கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தினால் மண் நிற்கும். இடைவெளியில், பக்கத்துப் புல்வெளியிலிருந்தே புல் தூர் பிரித்து நட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, குறைந்தது ஐந்து ஆண்டு, அதே இடத்துக்குப் போய்க் கன்று பிடுங்க வேண்டும். வெட்டும் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, பிடுங்கும் கூலிக்குப் பணம் ஒதுக்காத திட்டம் வீண்.

செய்த வேலை பலித்ததா என்பதை ஓடைதான் சொல்லும். நேரான பத்து மீட்டர் நீளத்தில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்த்து, வேகத்தை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கி, அதில் 85 சதவீதம் எடுத்தால் தோராய அளவு கிடைக்கும். வினாடிக்கு 28.3 லிட்டர் என்றால் வினாடிக்கு ஒரு கன அடி. வனத்துறையும் நீர்வளத் துறையும் பிப்ரவரி முதல் மே வரை வாரம் ஒருமுறை குறிப்பிட்ட ஓடைகளில் இப்படி அளந்து தர வேண்டும். முந்தைய ஆண்டின் அதே வார அளவோடு சேர்த்து, அணை மட்டத்துக்குப் பக்கத்திலேயே அதை நீங்கள் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வைகைப் பாசன வாசகர்கள் சிலர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.