செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே,

பொங்கல் விழா, ரத்ததான முகாம், ஓய்வூதியச் சான்று முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை.

டிசம்பர் 4, கடற்படை நாள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி பற்றிய படப் பலகை என் யோசனை. இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்டார்கள். நம் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன்தான் 1971 பாகிஸ்தான் போரில் கிழக்குக் கடற்படைத் தளபதி. நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பிய காஸி தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, ஓய்வுபெறவிருந்த ராஜ்புத் என்ற கிழட்டுக் கப்பலை விக்ராந்த் மாதிரி ஓயாமல் வயர்லெஸ் பேச வைத்தார். விசாகப்பட்டினத்து ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகச் சொல்லிவைத்தார், விக்ராந்த் அங்கேதான் இருக்கிறது என்று சேதி எப்படியும் கசியும் என்றுதான். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, துறைமுகத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ராஜ்புத் போட்ட டெப்த் சார்ஜ், அதாவது நீருக்கடியில் வெடிக்கும் குண்டுதான் காரணம் என்பது நம் தரப்பு. தன் கண்ணிவெடியே வினையானது என்பது அவர்கள் தரப்பு. பலகையில் இரண்டையும் எழுதியது நான்தான். ‘எதிரிக்கு எதற்கு ஒரு வரி, அந்த 93ஐயும் எடுங்கள்’ என்று வாட்ஸாப்பில் எழுதியவர்களில் ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. நான் எடுக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் தூங்கியவன் நான்.

60 பேருக்கு வடை சொன்னோம், வந்தது 17 பேர். கிருஷ்ணன் வாங்கிய காய்கறி ஞாபகம் வந்தது. அவருக்காவது அதில் காரியம் நடந்தது.

வரவுசெலவு ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டது. பலகைச் செலவு ‘இதர’ தலைப்பில் இருக்கிறது. 84 உறுப்பினர்களில் 31 பேர் இரண்டாண்டாகச் சந்தா கட்டவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

மண்டபம் தந்தவருக்கும், மைக் செட் தம்பிக்கும், கணக்குப் பார்த்த தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் எனக்குச் சந்தோஷம்தான், முட்டி வலி தாங்கவில்லை. பலகைக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை; சாரல் அடிக்கும் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்