தோட்டா என்றதும் போனை வைத்துவிட்டீர்கள்: ஒரு தராசு பற்றிய புகார் கடிதம்

அனுப்புநர்:
நகைப்பட்டறை உரிமையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தராசு விற்பனை நிறுவனம், கோலாலம்பூர்.

பொருள்: 20 கிராம் கையடக்க மின்னணுத் தராசு தவறான எடை காட்டுவதும், அதற்கான உத்தரவாதத்தைத் தாங்கள் மறுத்ததும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த டிசம்பரில் உங்கள் கோலாலம்பூர் கடையில் 189 ரிங்கிட் கொடுத்து இந்தத் தராசை வாங்கினேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். தராசு சரியில்லை என்று சொல்ல உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தபோது, பேசிய பெண் முதலில் பொறுமையாகத்தான் கேட்டார். என் தம்பி தோட்டா தயாரிக்க இதைப் பயன்படுத்தினான் என்று சொன்னேனோ இல்லையோ, லைன் துண்டிக்கப்பட்டது. அப்புறம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள் வெளிநாட்டில் பயன்படுத்தப்பட்டது, குளிர் தராசைப் பாதித்திருக்கும், ஆயுதம் தொடர்பான உபயோகத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். கதை அவ்வளவோடு முடிந்துவிட்டதாக நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

அந்தப் பெண்ணின் பயம் எனக்குப் புரிகிறது. ஆயுதச் சட்டம் 1960 இருக்கும் நாட்டில், உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வைத்திருக்க முடியாது. பினாங்கில் யாரும் வீட்டில் உட்கார்ந்து தோட்டா அடைப்பதில்லை, நானும் அடைக்கவில்லை. என் தம்பி கனடாவில், கால்கரியில் குடியிருக்கிறான். அங்கே உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரித்துக்கொள்வது சட்டப்படி சரி. அவன் வேட்டைக்கும் போவான், இலக்கு பார்த்துச் சுடவும் போவான். அண்ணன் ஊரிலிருந்து வருகிறாரே, என்ன கொண்டு வரப் போகிறார் என்று கேட்டவனுக்கு, பட்டறைக்காரன் தராசைத் தவிர வேறு என்ன கொண்டு போவேன்?

முதலில் அந்த ‘ஆயுத உபயோகம்’ விஷயத்தை முடித்துவிடலாம். நீங்கள் விற்ற பெட்டியின் பக்கவாட்டில் வைரம், மூலிகை, தோட்டா என்று மூன்று படங்கள் அச்சிட்டிருக்கின்றன. அளவு மாற்றும் பொத்தானை அழுத்தினால் கிராம், கேரட்டுக்கு அடுத்து கிரெயின் வருகிறது. வெடிமருந்து நிறுப்பவர்கள் அந்த அளவில்தான் நிறுப்பார்கள். கடையில் உங்கள் விற்பனையாளரிடம் தம்பியின் தேவையைச் சொல்லித்தான் கேட்டேன். “இதுக்குன்னே செஞ்சது அண்ணே” என்றார். விற்கும்போது படம் போட்டுவிட்டு, பழுது என்று வந்தால் படத்தை மறைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இந்த வேலையில் எடை எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் மேசையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறுக்குவார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். அப்படியென்றால் ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம், நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுப்பது அவர்கள் வழக்கம். மருந்து கூடினால் துப்பாக்கிக்குள் அழுத்தம் கூடும். அளவுக்கு மீறிக் கூடினால் துப்பாக்கி உடைந்து, அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுபவர் கதி என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் தோட்டா தயாரிப்புக் கையேட்டில் உள்ள உச்ச அளவில் தொடங்காமல், அதற்குப் பத்து சதவீதம் போலக் கீழிருந்து மெல்ல ஏறுவார்கள். தம்பியும் அப்படிச் செய்கிறவன். உங்கள் தராசு செய்த கூத்துக்கு யாருக்கும் காயம் ஏற்படவில்லை என்றால் அதற்குக் காரணம் அவன் பழக்கம்தான். உங்கள் தரக்கட்டுப்பாட்டுக்கு அதில் பங்கில்லை.

இனி குளிர். ஜனவரியில் நான் போய் இறங்கியபோது மைனஸ் இருபதுக்கும் கீழே, உண்மைதான். ஆனால் தராசு ஒருநாளும் வெளியே போகவில்லை. ஹீட்டர் ஓடும் அடித்தள அறையில், கனமான மர மேசை மேல், காற்றோட்டம் படாமல் இருந்தது. அரைமணி நேரம் ஆன் செய்து வைத்து, நீங்கள் கொடுத்த 20 கிராம் எடைக்கல்லால் அளவு சரிசெய்து, பிறகுதான் நிறுத்தோம். என் பட்டறையைவிட அந்த அறை தராசுக்கு ஒழுங்கானது.

தம்பியிடம் பழைய கோல் தராசு ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, கத்திமுனை மேல் கோல் ஆடி நிற்கும். பாதித் தோட்டாக்களுக்கு அதில் நிறுத்தான், பாதிக்கு உங்கள் தராசில். ஒரே டப்பா மருந்து, ஒரே பெட்டிக் குண்டு, ஒரே மாதிரிக் கூடு. புதுத் தராசை நம்பலாமா என்று பார்க்கத்தான் இப்படிப் பிரித்தான்.

அந்த வாரமே சினூக் வீசியது. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் இறங்கி வரும் உலர்ந்த சூட்டுக் காற்று அது. நடுக் குளிர்காலத்தில் ஒரே நாளில் பனியை உருக்கிவிடும். மறுநாள் பிளஸ் எட்டு டிகிரி. ஊரே வெளியே வந்துவிட்டது, நாங்களும் சுடுதளத்துக்குப் போனோம். கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, தரையில் சேறும் பனியும் குழம்பிக் கிடந்தன. நான் சட்டை மேல் ஒரு ஸ்வெட்டரோடு நின்றேன், பினாங்குக்காரனுக்கு அது பெரிய விஷயம்.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை முன்னால் வைத்து, இரண்டு வகைத் தோட்டாவையும் மாற்றி மாற்றிச் சுட்டான். கோல் தராசில் நிறுத்தவை வினாடிக்குப் பத்து மீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கின. உங்கள் தராசில் நிறுத்தவை இருபத்தைந்து மீட்டர் வரை மேலும் கீழும் ஓடின. இலக்கு அட்டையிலும் அதே கதை, ஒன்று மேலே ஒன்று கீழே.

இங்கே நீங்கள் சொல்லக்கூடிய சமாதானம் எனக்குத் தெரியும்: வெயில் வந்தால் வெடிமருந்து வேகமாக எரியும். உண்மைதான், பல வகை மருந்து சூட்டில் வேகம் கூட்டும். அதனால்தான் சினூக் நாளில் எடுத்த கணக்கை மைனஸ் இருபது நாளுக்கு அப்படியே நம்பக்கூடாது என்று தம்பியே சொன்னான். ஆனால் இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே பெட்டியில், ஒரே வெயிலில், ஒரே துப்பாக்கியில்தான் இருந்தன. சூடு ஒன்றைத் தொட்டு இன்னொன்றை விடாது. வேறுபட்டது தராசு மட்டும்.

வீட்டுக்கு வந்து, உங்கள் தராசில் நிறுத்துச் சுடாமல் மிச்சமிருந்த தோட்டாக்களின் குண்டைக் கழற்றி, மருந்தைக் கோல் தராசில் திரும்ப நிறுத்தான். ஒன்றில் அரை கிரெயின் கூடுதல், இன்னொன்றில் அதே அளவு குறைவு. அரை கிரெயின் என்பது சுமார் 32 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம்வரை துல்லியம் என்று உங்கள் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது பினாங்கு திரும்பிய பிறகு, என் பட்டறையில். எங்களிடம் எடை அளவுச் சட்டம் 1972இன்படி சோதித்து முத்திரையிட்ட தராசு இருக்கிறது, தங்க வியாபாரத்தில் அது இல்லாமல் முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எடைக்கல்லைத் தூக்கி வைத்தால் உங்கள் தராசு 20.000 என்று அழகாகக் காட்டுகிறது, குறை சொல்ல முடியாது. அரம் தேய்த்த தங்கப் பொடியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டால்தான் குட்டு உடைகிறது. ஒரு சிட்டிகை விழுகிறது, எண் அசையவில்லை. இன்னொன்று, அசையவில்லை. பொடி தட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, திரை மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. தட்டைத் தூக்கித் திரும்ப வைத்ததும் ஒரே தாவில் 30 மில்லிகிராம் ஏறுகிறது.

இது என்னவென்று தராசு பழுது பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். எண் ஆடாமல் நிற்பதற்காக உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெல்ல மெல்ல ஏறும் சிறு எடையை, சும்மா ஏற்படும் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு அது விழுங்கிவிடுகிறது. மருந்து நிறுப்பவரும் கடைசியில் ஒவ்வொரு மணியாகத்தான் உதிர்ப்பார், பத்தரும் அப்படித்தான் பொடி போடுவார். நீங்கள் பெட்டியில் படம் போட்டு அழைக்கும் இரண்டு தொழிலுக்கும் இந்தத் தராசு உதவாது. திரையில் மூன்று தசமம் தெரிவது வேறு, அந்த மூன்றாவது தசமம் உண்மையாக இருப்பது வேறு. தங்கம் கிராம் 400 ரிங்கிட் என்று வைத்தாலே, 30 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு நிறுவைக்கும் 12 ரிங்கிட் காணாமல் போகிறது. கால்கரியில் காணாமல் போகக்கூடியது பணம் அல்ல.

இந்தச் சோதனையை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு தராசின் திரையும் ஒன்றாகத் தெரியும்படி. தம்பி எழுதி வைத்த வேகக் கணக்கையும் இணைத்துள்ளேன். வெளிநாடு என்பது உங்கள் கடைசிக் காரணம் என்றால், அதே பழுது பினாங்கில், முப்பது டிகிரி வெயிலில், என் மேசையிலும் இருக்கிறது.

189 ரிங்கிட்டை முழுதாகத் திருப்பித் தாருங்கள். மாற்றுத் தராசு வேண்டாம், அதே மாடலில் இன்னொன்று வந்து என்ன பயன்? பெட்டியிலும் பிரசுரத்திலும் உள்ள துல்லிய வாசகத்தையும் தோட்டாப் படத்தையும் எடுத்துவிடுங்கள். இதே மாடலை வாங்கியவர்களுக்கு, சிறுகச் சிறுகப் போட்டு நிறுக்கக்கூடாது என்று எழுத்தில் தெரியப்படுத்துங்கள். பணத்தைவிட இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். உங்களிடம் விற்பனைப் பதிவு இருக்கும், உங்களுக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பதினான்கு நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் எனக்கு நடந்து போகிற தூரம்தான். விமானச் செலவையோ தம்பியின் வெடிமருந்துச் செலவையோ நான் கேட்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தராசு பெட்டியோடு என் கடையில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன், வழியில் தட்டுப்பட்டது என்று சொல்ல இடம் வைக்க விரும்பவில்லை. ஆள் அனுப்பினால் காலை பத்து முதல் மாலை ஆறு வரை இருப்பேன். வருகிறவர் அவர் கண்முன்னே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நிறுவன முத்திரையோடு கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் புகைப்படங்கள், தமிழ்த் துண்டுப் பிரசுரம், வேகக் கணக்கு, சோதனை வீடியோ.